பதினேழு டப்பா கடலை பிஸ்கட்

மச்சான்,

நேற்றுக் காலை பத்து மணிக்கு, இரண்டு நாள் தீர யோசித்து, சம்பந்தப்பட்ட அனைவரையும் கலந்தாலோசித்த பிறகு, ஒரு கடலை பிஸ்கட்டை இரண்டாக உடைப்பது என்று முடிவெடுத்தேன். இடம், உன் வீட்டுச் சமையலறை. சாட்சி, உன் மனைவி, என் தங்கச்சி. உடைத்ததும் வறுத்த கடலை வாசனை எழுந்தது. அந்த வாசனையோடு நீயும் வந்துவிட்டாய், கையில் கரண்டியோடு. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நடந்ததை முறையாகச் சொல்கிறேன். நீ போய் ஏழு மாதத்தில் தீபாவளி வந்தது. துக்க வீட்டில் எண்ணெய்ச் சட்டி வைக்கக் கூடாது, அக்கம்பக்கத்தார்தான் பலகாரம் கொண்டுவந்து தரவேண்டும் என்பது உனக்குத் தெரியும். கொண்டுவந்தார்கள். பதினேழு டப்பா. மூடியைத் திறந்தால் பதினேழிலும் ஒரே பிஸ்கட்: பூ வடிவம், நடுவில் பாதிக் கடலை. தோட்டம் போய், ரப்பர் மரமும் போய், எண்ணெய் எடுக்கும் செம்பனைக்கு நடுவில் நம் தமிழ்ப்பள்ளி மட்டும் நிற்கிறதே, அந்தப் பள்ளி நிதி திரட்ட விற்ற பிஸ்கட். பிள்ளைகள் ஈப்போ வரை வந்து ஒரு வீடு விடாமல் விற்றிருக்கிறார்கள். வாங்கியவர்கள் அதைத் தங்கள் சொந்த டப்பாவில் கொட்டி, வீட்டில் சுட்டதுபோல் முகத்தை வைத்துக்கொண்டு கொடுத்துவிட்டுப் போனார்கள். துக்கம் விசாரிக்கவும் பிஸ்கட்டைக் கழிக்கவும் ஒரே நடை போதுமானதாக இருந்தது. நான் யாரையும் குறை சொல்லவில்லை. அதில் ஒரு டப்பா என்னுடையது.

சிக்கல் பிஸ்கட்டில் இல்லை, டப்பாவில். ஒவ்வொன்றின் அடியிலும் சொந்தக்காரர் பெயர் எழுதி ஒட்டியிருந்தது. வந்த டப்பாவை காலியாகத் திருப்பிக் கொடுக்கும் வழக்கம் உன் வீட்டில் என்றுமே இருந்ததில்லை. நிரப்பிக் கொடுக்கலாமென்றால் இந்த வருடம் அங்கே பலகாரம் செய்ய முடியாது. எனவே தங்கச்சி வெளியே போவதையே நிறுத்திவிட்டாள். கோயிலுக்குப் போவதில்லை, காலைச் சந்தைக்கும் போவதில்லை. போர்ச்சில் நின்ற காரின் மேல் தூசி படிந்து, அதில் பூனை நடந்த தடம் இருந்தது.

“டப்பாவக் குடுக்காம அவங்க மூஞ்சில எப்படிண்ணே முழிக்கிறது?” என்றாள்.

காரணம் டப்பாதான் என்று நாங்கள் இருவரும் ஒப்புக்கொண்டோம். மூன்று வாரம் அப்படியே ஒப்புக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

நீ இருந்திருந்தால் மூன்று நிமிடம் தாங்கியிருக்க மாட்டாய். பீடோருக்கும் லூமுட்டுக்கும் லோரி ஓட்டியவன், வாசலில் பிஸ்கட்டோடு நிற்கும் எந்தப் பிள்ளையிடமும் வேண்டாம் என்று சொல்லத் தெரியாதவன். ஒவ்வொரு வருடமும் உன் மேசை நிறைந்துவிடும். ஒருமுறை சீனி காய்ச்சப் போய்ச் சமையலறைத் திரைச்சீலையை எரித்தாய். அன்றே தங்கச்சி உன்னை அடுப்பிலிருந்து மூன்றடி தள்ளி நிற்கச் சொல்லி உத்தரவு போட்டாள். உன் பெரிய கண்டுபிடிப்புகள் எல்லாம் அந்த மூன்றடிக்கு அப்பால் பிறந்தவை. கடைக் கோப்பியைப் பொட்டலத்தில் வாங்கிவந்து, மேரி பிஸ்கட்டை ஒவ்வொன்றாக நனைத்து அடுக்கி, இடையிடையே கிரீம் தடவி, மறுநாள் கேக் என்று வெட்டிக் கொடுத்தாய். மோட்டாரில் வரும் ஐஸ்கிரீம்காரரை நிறுத்தி, அவருடைய ஐஸ்கிரீமின் மேலேயே அன்னாசி ஜாம் வைத்த தார்ட் பிஸ்கட்டை உதிர்த்து, அவருக்கே ஊட்டிவிட்டாய். தேங்காய்ப்பால் ஊற்றிய குளிர்ந்த செண்டோலில் கடலை பிஸ்கட் தூளைப் போட்ட நாளில் நான் மூன்று கிண்ணம் சாப்பிட்டேன். அதை ஊரெல்லாம் சொன்னாய்.

“இது பிஸ்கட் இல்லடா மச்சான்,” என்பாய். “யாரோ பாதி வேலைய முடிச்சிக் குடுத்த பலகாரம்லா.”

மூன்று நாளுக்கு முன் அந்த டப்பாக்களைப் பார்த்துக்கொண்டே இருந்தபோது இது நினைவுக்கு வந்தது. நாற்காலியை விட்டு எழுந்தே விட்டேன். ஆனால் சடங்கு விஷயத்தில் தஞ்சோங் ரம்புத்தானில் இருக்கும் உன் அக்காவைக் கேட்காமல் எதுவும் நடக்காது. போன் போட்டேன்.

“எண்ணெ சட்டி வைப்பீங்களா?”

“வைக்க மாட்டோம்க்கா.”

“அடுப்பு?”

“பத்த வைக்க மாட்டோம்.”

“அப்பறம் என்னாத்தத்தான் செய்வீங்க?”

“உடைப்போம்.”

அக்கா டிவி சத்தத்தைக் குறைத்தார். பிறகு தீர்ப்பு வந்தது. “உடைக்கக் கூடாதுன்னு யாரும் சொன்னதில்லலா.”

ஆகவே நேற்று உடைத்தோம். மலாய்க்காரர்கள் பாத்தேக் என்ற பிஸ்கட் கேக்குக்குச் சாக்லேட் குழம்பு காய்ச்சுவார்கள். நீ காய்ச்சாமல் செய்வாயே, அதே முறைதான். கோக்கோ, கட்டிப் பால், வெண்ணெய். வெண்ணெயை ஈப்போ வெயிலே இளக்கிக் கொடுத்தது. அறுபது வயதில் ஒரு பிஸ்கட் நொறுங்கும் சத்தம் இவ்வளவு பிடித்துப்போகும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பதினேழு டப்பா பிஸ்கட்டும் நொறுங்கி ஒரே குவியலாகக் கிடந்தபோது, யாருடையது எது என்று இந்த ஊரில் இனி ஒருவராலும் சொல்ல முடியாது என்பது எனக்குப் பெரிய மகிழ்ச்சியாக இருந்தது.

தங்கச்சி கை கட்டித் தள்ளித்தான் நின்றாள், சரியாக மூன்றடி. நான் கட்டிப் பால் டின்னைக் கவிழ்த்தபோது வாய் திறந்தாள்.

“அவரு அவ்ளோ ஊத்த மாட்டாருண்ணே. ரெண்டு கரண்டிதான். பத்தலன்னா அப்பறம் ஒன்னு.”

எத்தனை வருடம் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள் பார். அதற்குமேல் எனக்கு வேலை இருக்கவில்லை. கரண்டி கை மாறிவிட்டது. தட்டில் கொட்டி அழுத்தும் நேரம் வந்ததும் கதவுக்குப் பின்னால் போய், லோரிச் சக்கரத்துக்கு நீ முட்டுக் கொடுக்கும் கட்டையை எடுத்து வந்தாள். அதைத்தானே பிளாஸ்டிக்கில் சுற்றி அழுத்துவாய். குழாயடியில் வெகுநேரம் கழுவினாள். கழுவ அதில் அழுக்கு ஒன்றும் இல்லை. நான் குளிர்சாதனப் பெட்டியில் இடம் ஒதுக்கிக்கொண்டிருந்தேன்.

இன்று காலை வெட்டினோம். கறுப்புக்கு நடுவே பிஸ்கட் துண்டுகள் மஞ்சள் மஞ்சளாக, பாத்தேக் துணியில் போட்ட வரைவு மாதிரி வந்திருந்தது. பதினேழு டப்பாவிலும் அடுக்கினாள். என்னுடையதை முதலில் என் கையில் கொடுத்தாள். இரண்டு துண்டு அதிகம் வைத்திருந்தாள், மச்சான். எண்ணிவிட்டேன்.

கார் கிளம்பவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் வந்து பேட்டரிக்குக் கம்பி மாட்டிக் கிளப்பினார். அவருடைய டப்பாவை அங்கேயே வாங்கிக்கொண்டார். நான் ஓட்டுகிறேன் என்றேன்.

“வேணாம்ணே. நானே போறேன். நீங்க வீட்டப் பாத்துக்கங்க.”

காலை பத்தரை மணிக்கு, காரின் பின் இருக்கையில் பதினைந்து டப்பாக்களோடு கிளம்பினாள். எல்லாமே இந்தத் தாமான் குடியிருப்புக்குள் இருக்கும் வீடுகள்தான். இப்போது மணி ஐந்து. இன்னும் திரும்பவில்லை, பேச்சு முடியவில்லை போலிருக்கிறது. உன் வீட்டுச் சாவி என்னிடம் இருக்கிறது.