ஒரு சைக்கிள் வீரரா, இரண்டு பேரா?

அன்புள்ள அப்பாவுக்கு, இசக்கி எழுதுவது. உங்கள் மூட்டுவலி தேவலையா? அம்மா மாத்திரையை மறக்காமல் போடுகிறாளா? நான் நன்றாக இருக்கிறேன்.

ஆபீசில் பழைய விளையாட்டு வீரர்களின் வாழ்க்கையை இணையத்துக்காகத் தொகுக்கிறோம். என் பங்குக்கு வந்தவர் 1950 வாக்கில் ருமேனியாவில் சைக்கிள் பந்தயம் ஓட்டியவர். சில தாள்களில் பெத்ரே திராகோமிர், சிலவற்றில் திராகோமிர் பெத்ரே. நம் வழக்கப்படி முதலில் இருப்பது அப்பா பெயர், பெத்ரேயின் மகன் திராகோமிர், அவர் தன் மகனுக்குத் தாத்தா பெயரை வைத்திருக்கிறார் என்று நினைத்து, அப்பாவும் மகனுமாக இரண்டு பக்கங்கள் எழுதிவிட்டேன்.

பக்கத்து மேசை நீது சிரித்துவிட்டாள். “எடி, அது ஒரே ஆளாக்கும்! அங்கே குடும்பப் பேரை முன்னாடியும் எழுதுவாங்க, பின்னாடியும் எழுதுவாங்க. அவரையே அவருக்கு மகனாக்கிட்டியே!”

நானும் சிரித்துக்கொண்டே இரண்டையும் ஒன்றாக்கினேன். ஆனால் 1953 பந்தயத் தாள் ஒன்றில் இரண்டு பெயருமே இருக்கின்றன. ஒன்று மூன்றாம் இடம், மற்றது பதினோராம் இடம். ஒரே ஆள் எப்படி இரண்டு தடவை வந்து சேர்வார்? நீதுவுக்கும் புரியவில்லை. சேர்த்தால் ஒரு மனிதரே இல்லாமல் போவார், பிரித்தால் ஒருவர் ஜெயித்ததில் பாதி போய்விடும். இந்த வேலையைப் பார்த்துத்தான் என்னை நிரந்தரமாக்குவார்களாம்.

யாராவது இந்தப் பக்கம் வந்தால் மிளகாய்ப்பொடி கொடுத்துவிடுங்கள். இங்கே சாலை பஜார் கடைகளிலும் கிடைக்கிறது, இருந்தாலும். நீங்களே ஞாயிற்றுக்கிழமை வந்தால் தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் வந்து நிற்பேன்.

ஆபீஸ் சார் இந்தப் பக்கங்களைக் கேட்டுக் கூப்பிடுகிறார். கல்லூரியில் ஒருநாளும் எழுந்து சொல்லாததைச் சொல்லப் போகிறேன்: எனக்குத் தெரியவில்லை சார், இன்னும் தேட வேண்டும்.

உங்கள் மகள்,
பே. இசக்கியம்மாள்