வெறும் இலை என்று நீ அனுப்பிய பொடி

தாயில்பட்டி
13.9.2009

அன்பு மகன் புகழேந்திக்கு அம்மா சோலையம்மாள் எழுதுவது. அங்கே உனக்கு நோய்நொடி வராமல் மாரியம்மன் காக்கட்டும். இங்கே நானும் அப்பாவும் உன் தங்கை மாரிசெல்வியும் உயிரோடு இருக்கிறோம். நலமாக இருக்கிறோம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. போனில் பேசினால் நீ சிங்கப்பூரில் இருந்துகொண்டு சிரிப்பாய், நான் கத்திவிட்டு வைத்துவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன். பாதியில் மடித்து வைக்காமல் முழுவதையும் படி.

மாரிசெல்விக்குக் காய்ச்சலும் இருமலும் வந்தது உனக்குத் தெரியும். பன்றிக் காய்ச்சல் என்று ஊரே பயந்து கிடந்த நேரம். ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, இது சாதாரண வைரஸ் காய்ச்சல்தான், மாத்திரையைச் சாப்பிட்டுவிட்டு வீட்டில் படுத்திருக்கட்டும் என்றார்கள். காய்ச்சலுக்கு ஒன்று, சளிக்கு ஒன்று. சளி மாத்திரை தூக்கத்தைக் கொண்டுவரும் என்றும் சொன்னார்கள். அவளும் ஒழுங்காகப் படுத்துத்தான் இருந்தாள், நடுவில் நீ புகுந்தாய். உன் சீனக்கார சூப்பர்வைசர் கொடுத்தார் என்று, அங்கிருந்து லீவில் வந்த நம் தெருக் கண்ணுச்சாமியிடம் அந்தப் பொடிப் பாக்கெட்டுகளைக் கொடுத்துவிட்டாய். அதோடு விட்டாயா, அவளுக்குப் போன் போட்டு, "இது வெறும் எலதான் புள்ள, ஒண்ணும் செய்யாது, ஆஸ்பத்திரி மாத்திரையோட சேத்துக் குடி, சட்டுனு எந்திரிச்சு வேலைக்குப் போயிரலாம், அம்மாகிட்டச் சொல்லாத, அது பயந்துக்கிட்டு வேண்டாங்கும்" என்று வேறு சொல்லிக் கொடுத்திருக்கிறாய். நான் சாப்பாட்டுக்கு அப்புறம் மாத்திரையை என் கையால் கொடுப்பேன், அவள் அடுப்படிக்குப் போய் உன் பொடியைச் சுடுதண்ணீரில் கலக்கிக் குடித்துவிட்டு வருவாள். காய்ச்சல் இறங்கிவிட்டது. தீபாவளி சீசன் நேரம், பட்டாசுக் கம்பெனியிலும் ஆள் பற்றவில்லை, அவளும் வருகிறேன் என்றாள், கூட்டிக்கொண்டு போனேன். வெடிமருந்துக்கு முன்னால் தூங்கி விழக் கூடாது என்று அன்றைக்குக் காலையில் சளி மாத்திரையை நான் வேண்டுமென்றே கொடுக்கவில்லை. மூக்கு ஒழுகுகிறதே என்று அவள் உன் பொடியில் ரெண்டு பாக்கெட்டைக் கலக்கிக் குடித்துவிட்டு வந்திருக்கிறாள்.

நாங்கள் நாலு பேர் உட்கார்ந்து பூச்சட்டிக்கு வெடிமருந்து அடைக்கிற அறை உனக்குத் தெரியாததா, சிங்கப்பூர் போவதற்கு முன்னால் நீயும் அங்கே வேலை பார்த்தவன்தானே. பேசிக்கொண்டே இருந்தவள் அப்படியே தலை தொங்கி முன்னால் சரிந்தாள், முழங்கை பட்டு மருந்துத் தட்டும் சாய்ந்தது. எதிரில் இருந்த எனக்குக் கை எட்டவில்லை. பக்கத்தில் இருந்த வீரலட்சுமிதான் ஒரு கையால் இவளைத் தோளோடு பிடித்து, மறு கையால் தட்டைத் தாங்கினாள். அது தரையில் உரசியிருந்தால் உனக்குக் கடிதம் எழுத ஆள் இருந்திருக்காது. போர்மேன் வேலுச்சாமி அண்ணன் எங்களை வெளியே வரச் சொல்லி, "தூங்குத புள்ளயக் கொண்டாந்து இங்கன உக்கார வைக்கியே, ஒனக்கென்ன கிறுக்கா" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். அவரை ஒன்றும் சொல்ல முடியாது, நானாக இருந்தால் இன்னும் மோசமாகக் கேட்டிருப்பேன்.

வீட்டுக்கு வந்துதான் அழுதுகொண்டே பாக்கெட்டை எடுத்துக் காட்டினாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன். முன்பக்கம் இலைப் படமும் சீன எழுத்தும், பின்பக்கம் சின்ன எழுத்தில் இங்கிலீஷ். டாக்டரம்மா திருப்பி வாசித்தார். இலை, வேர் பேரெல்லாம் போட்டு, அதுகளோடு நாங்கள் வாங்கி வந்த அதே காய்ச்சல் மருந்தும் அதே மாதிரித் தூக்கம் வருகிற சளி மருந்தும் அந்தப் பொடிக்குள்ளேயே இருக்கிறதாம். காய்ச்சல் மருந்து ரெட்டிப்பாக உள்ளே போயிருக்கிறது, இப்படியே குடித்துக்கொண்டிருந்தால் ஈரல் கெட்டுவிடும் என்று ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், நல்லவேளை ஒன்றும் ஆகவில்லை. இலை வைத்தியம், இங்கிலீஷ் வைத்தியம் ரெண்டையும் சேர்த்துப் பார்க்கிற ஊர்களும் உண்டாம், ஆனால் ரெண்டும் தெரிந்தவர் நோயாளியைப் பார்த்துக் கொடுப்பாராம், நோயாளியும் எதையும் மறைக்கக் கூடாதாம். நானும் இருமலுக்கு ஆடாதொடை அவித்துக் கொடுக்கிறவள்தான், இலை மேல் எனக்கு என்ன பகை. நீ ஐடிஐ படித்தவன், மிஷினில் ஒட்டியிருக்கிற இங்கிலீஷை வாசித்துத்தானே அங்கே வேலை பார்க்கிறாய். பாக்கெட்டைத் திருப்பிப் பார்க்க நேரமில்லை, அம்மாவிடம் சொல்லாதே என்று சொல்ல மட்டும் நேரம் இருந்தது. நான் கொடுக்காமல் நிறுத்தியதை எனக்கே தெரியாமல் அவளைக் குடிக்க வைத்துவிட்டாய், அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அப்பா போனில் சொன்னபோது "அதான் ஒண்ணும் ஆகலயில்ல" என்று சிரித்தாயாமே, கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. "விடு, பாசத்துல செஞ்சிட்டான்" என்கிறார் உன் அப்பா. பாசம் இல்லை என்று நான் சொல்லவில்லை, அந்த அறையில் நாலு பேர் இருந்தோம் என்று சொல்கிறேன்.

மிச்சப் பொடியைக் கண்ணுச்சாமி தெருவில் கேட்கிறவர்களுக்கெல்லாம் கொடுக்கிறான். உடனே அவனுக்குப் போன் போட்டு நிறுத்தச் சொல். நீயும் வேளாவேளைக்குச் சாப்பிடு, காய்ச்சல் என்றால் மறைக்காமல் டாக்டரிடம் போ. தீர்க்காயுசாக இரு, உன்னைத் திட்டுகிற வாய்தான் உனக்காக வேண்டிக்கொள்ளவும் செய்கிறது.

ஒன்றை மறந்துவிடாதே. வீரலட்சுமிக்குச் சின்னப் பிள்ளைகள் இருக்கின்றன. மறுநாளும் அதே இடத்தில் வந்து உட்கார்ந்து, "புள்ளைக்கு இப்பம் தேவலையா மதினி" என்று மட்டும் கேட்டாள். எனக்குப் பதில் எழுதுவதற்கு முன்னால் அவளுக்கு ஒரு கடிதம் எழுது. அவளுக்கு வாசிக்கத் தெரியாது, பக்கத்தில் உட்கார்ந்து நான்தான் வாசித்துக் காட்ட வேண்டும். அவள் முகத்தைப் பார்த்து நான் வாசிக்கிற மாதிரி எழுது.

இப்படிக்கு,
உன் அம்மா
ஊ. சோலையம்மாள்