அம்மா கன்சல்டிங் செய்த மூன்று வருடங்கள்

உடும்பஞ்சோலை,
செவ்வாய்க்கிழமை, விடாத மழை.

மதிப்பிற்குரிய திருமதி முருகேஸ்வரி பாண்டித்துரை அவர்களின் மேலான கவனத்திற்கு,

இதனால் சகலருக்கும் அறிவிப்பது யாதெனில், போன மாதம் நம் வீட்டிலிருந்து மாயமாய் மறைந்த மிக்ஸி ஜார் மூடியின் ரப்பர் வளையம், இன்று காலை அப்பாவின் மழைக்கோட்டுப் பையிலிருந்து உயிருடன் மீட்கப்பட்டது. அது அங்கே எப்படிப் போனது என்று விசாரிக்க ஒருநபர் கமிஷன் அமைக்கப்பட்டிருக்கிறது. அந்த ஒரு நபர் நான்தான். குற்றவாளியும் அநேகமாக நான்தான். ஆகவே அறிக்கை வெளிவராது.

நாங்கள் நலம். உங்கள் நலம் அறிய ஆவல் இருந்தது, நேற்றோடு தீர்ந்துவிட்டது. என்னடா இவன், பெற்ற தாயை நீங்கள், உங்கள் என்று எழுதுகிறானே என்று பார்க்காதீர்கள். கோபமாக இருக்கிறேன். கோபம் தீரும்வரை உங்களுக்கு மரியாதைதான்.

கடிதம் எழுதும் அளவுக்கு நிலைமை முற்றியதற்கும் நீங்களே காரணம். சென்னையில் இருந்துகொண்டே என்னை பிளாக் செய்துவிட்டீர்கள். ஒப்புக்கொள்கிறேன், என் கூட்டாளி ரிஜோவுடைய மாமாவின் போனிலிருந்து கூப்பிட்டு, வாயில் துண்டை வைத்துக்கொண்டு, மும்பை கம்பெனியின் எச்.ஆர். பேசுகிறேன் என்று சொன்னது நான்தான். உங்கள் பலவீனம் என்ன என்று கேட்டேன். யார் எதைக் கேட்டாலும் முடியாது என்று சொல்ல வராது என்று இங்கிலீஷில் பவ்யமாகச் சொன்னீர்கள். அப்படியானால் மகனுக்கு ஒரு பைக் வாங்கிக் கொடுங்கள் மேடம் என்றேன். அங்கேதான் ரிஜோ சிரித்துத் தொலைத்தான். சிரித்தவனை விட்டுவிட்டு என்னை மட்டும் பிளாக் செய்தது என்ன நியாயம்? பதற்றத்தில் ஒருவன் பணம் அனுப்பும் பட்டனைப் பத்துத் தடவை அமுக்கினாலும் பணம் ஒரு தடவைதான் போகவேண்டும், அதுதான் எங்கள் வேலை என்று பெருமையாகச் சொல்வீர்களே. நானும் பத்துத் தடவை அமுக்கினேன். ஒரு தடவைகூடப் போகவில்லை. முன்னூறு எஞ்சினியர்களுக்கு ஹெட் ஆக இன்டர்வியூவே வெள்ளிக்கிழமைதான். அதற்குள் ஹெட்வெயிட்.

போகட்டும். அதெல்லாம் சில்லறைக் கோபம். பெரிய கோபத்துக்கு வருகிறேன்.

நேற்று கடையில் ஏலக்காய் தரம் பிரித்துக்கொண்டிருந்தபோது அப்பா போனை என் பக்கம் நீட்டினார். நீங்கள் அவருக்கு அனுப்பியிருந்த புது ரெசியூம். ஏலே, கன்சல்டிங்னா என்னலே என்று கேட்டார். அப்பா வாயில் ஏலத்தையும் ஏலேயையும் தவிர வேறு எதுவும் வராது என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆலோசனை சொல்வது என்றேன். கொஞ்சம் யோசித்தார். “அந்த மூணு வருசம் உங்கம்மா எனக்குத்தான ஆலோசன சொன்னா. நான் ஒண்ணையும் கேக்கல. அதுக்கெல்லாமா மும்பையில வேல குடுக்கான்?” என்று சொல்லிவிட்டுத் தனியாகச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கே பயமாக இருந்தது, காய்ச்சல் வரப்போகிறதோ என்று.

அந்த மூன்று வருடம் எது என்று உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? எனக்கு இரண்டு வயதிலிருந்து ஐந்து வயதுவரை. பழைய ரெசியூமில் அந்த இடம் காலியாக இருந்தது. காலியாக இருந்ததில் எனக்கு ஆட்சேபணை இல்லை. வருத்தமே இல்லாமல் அந்தக் காலி இடத்தில் நான் குடியிருந்தேன். புதுசில் அங்கே சுயாதீன ஆலோசகர், நிதித் தொழில்நுட்பம் என்று போட்டிருக்கிறீர்கள். என்னைக் காலி செய்துவிட்டு யாரோ ஒரு ஆலோசகரைக் குடிவைத்திருக்கிறீர்கள்.

இதைச் சொல்லிக்கொடுத்தது அந்தப் பிரதீப்தானே? இன்டர்வியூவுக்குத் தயார் செய்கிறேன் என்று மேலே கோட்டும் கீழே லுங்கியுமாக வீடியோவில் வருகிற ஆள். லுங்கியை நான் பார்த்ததில்லை. இருக்கும். பிள்ளை குட்டி என்று பேசினால் மார்க்கெட்டில் மேடத்தின் மதிப்பு இறங்கிவிடும் என்றானாம். அப்பாதான் சொன்னார். நம்மூரில் ஏலத்தை ஏலம் விடுகிறார்கள். எல்லாம் கம்ப்யூட்டருக்கு மாறிய பிறகும் அப்பா வாய்க்குள்ளேயே ஒரு தரம், இரண்டு தரம் என்று முனகிக்கொள்கிறார். ஆனால் தரம் பார்க்காமல் யாரும் தரம் சொல்வதில்லை. பிரதீப் என் மூன்று வருடத்தைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் மூன்று தரம் சொல்லி முடித்துவிட்டான். நீங்களும் தலையாட்டிவிட்டீர்கள். முடியாது என்று சொல்ல வராது என்பது உண்மைதான் போலிருக்கிறது.

எந்தக் கம்பெனிக்கு ஆலோசனை சொன்னீர்கள் என்று ஒரே ஒரு கேள்வி கேட்டால் என்ன செய்வீர்கள்? பாண்டித்துரை ஏலக்காய்க் கடை என்பீர்களா? ஊரார் பணம் ஓடுகிற இடம், அங்கே ஒரு எண்கூடப் பொய்யாக இருக்கக்கூடாது என்று முன்னூறு பேருக்கும் பாடம் நடத்தப் போகிறவர் நீங்கள். உட்காருகிற நாற்காலியே பொய்யாக இருந்தால்? பேசாத பிள்ளையைப் பெற்றவள் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறதா? அந்தப் பிள்ளையின் வாயை மூட முடியாமல்தான் இப்போது பள்ளிக்கூடத்தில் மூன்று டீச்சர்கள் மாறுதல் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

லீவில் வந்திருந்தபோது இதே கேள்விக்கு நீங்கள் சொன்ன பதிலை உங்களுக்கே ஞாபகப்படுத்த வேண்டியிருக்கிறது. இன்டர்வியூ ஒத்திகை என்று நான் தோசைக் கரண்டியை மைக்காகப் பிடித்துக்கொண்டு, இந்த இடைவெளி என்ன மேடம் என்று கேட்டேன். நீங்கள் அடுப்பைத் தணித்துவிட்டு நேராக நின்றீர்கள். என் மகன் மூன்றரை வயதுவரை ஒரு வார்த்தையும் பேசவில்லை, வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் போனேன் என்றீர்கள். கேள்வி கேட்டால் பதிலை நீங்களே சொல்லாதீர்கள், காத்திருங்கள் என்று டாக்டர் சொன்னாராம். தோசையா இட்லியா என்று கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பீர்களாம், தோசை கருகும்வரை. அப்படி எத்தனையோ தோசை கருகிய பிறகு ஒருநாள் அடுப்படிக்குள் வந்த பக்கத்து வீட்டுச் சேவலைப் பார்த்து நான் ‘போ’ என்றேனாம்.

அதோடு நிறுத்தவில்லை நீங்கள். போன தீபாவளிக்கு முந்தின நாள் உங்கள் கம்பெனியில் பணப் பட்டுவாடா மொத்தமும் நின்றுபோய், பெரிய ஆட்கள் எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக் கத்திக்கொண்டிருந்ததைச் சொன்னீர்கள். உங்கள் டீமில் புதிதாகச் சேர்ந்த செல்வப்பிரியா மட்டும் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாளாம். எல்லாரையும் சும்மா இருக்கச் சொல்லிவிட்டு, அவளிடம் ஒரு கேள்வி கேட்டுவிட்டு, நீங்களும் சும்மா இருந்தீர்களாம். கடைசியில் அவள் பேசினாள். புரோகிராமில் அவள் தவறாக மாற்றி வைத்த ஒரு வரிதான் காரணம். அதைத் திருத்தினீர்கள், பணம் ஓடியது, அவள் வேலையும் தப்பியது. கத்தாமல் காத்திருக்க என்னால் முடியும், அதை அந்த மூன்று வருடத்தில்தான் கற்றேன் என்று முடித்தீர்கள்.

அந்தப் பதிலுக்கு நான் பத்துக்குப் பூஜ்யம் போட்டேன். சீரியல் அழுகை, பேங்க்காரனுக்கு இதெல்லாம் எதற்கு என்றேன். அது நடுவரின் தீர்ப்பு. என்னைப் போல் நேர்மையான நடுவர் இந்த இடுக்கி ஜில்லாவிலேயே கிடையாது. நடுவர் பூஜ்யம் போட்டால் இன்னொரு நல்ல பதிலைத் தேடவேண்டும். பொய்யைத் தேடிப் போகச் சொன்னேனா?

மற்ற செய்திகள். உங்கள் இன்டர்வியூ கோட்டை அப்பாவே இஸ்திரி போட்டார். சின்னமுத்து அண்ணன் நாளைக் காலை போடிமெட்டு வழியாக ஜீப்பை இறக்குகிறார். மண் சரியாமல் இருந்தால் போடியில் கோட்டைச் சென்னை பஸ்ஸில் ஏற்றிவிடுவார். இந்தக் கடிதம் கோட்டின் உள்பையில் இருக்கும். இங்கே எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. நானே தோசை சுடுகிறேன், ஒன்றும் கருகுவதில்லை. நீங்கள் மும்பைக்கு அல்ல, செவ்வாய் கிரகத்துக்கே போனாலும் இந்த ஜெகனுக்கு ஒன்றும் ஆகாது.

இதை எழுதிவிட்டு அடுப்படிக்குப் போய் ஒரு தோசை ஊற்றிப் பார்த்துவிட்டு வந்தேன்.

அம்மா, இனிமேல் நீங்கள் போட்டு எழுத முடியவில்லை. கை வலிக்கிறது.

அந்தப் பூஜ்யம் கள்ளப் பூஜ்யம். நீ சொல்லி முடித்தபோது அப்பா தேங்காய் துருவுவதை நிறுத்திவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். வாசலில் நின்ற ரிஜோ என் காதில் “எடா, நின்டெ அம்மக்கு ஜோலி உறப்பா” என்றான். வேலை நிச்சயமாம். சென்னை என்றால் மாதம் ஒரு தடவை போடி பஸ்ஸில் வந்து இறங்குகிறாய். மும்பையிலிருந்து எந்த பஸ் வருகிறது? அதனால்தான் போட்டேன். மொக்கைப் பதிலுக்கெல்லாம் எட்டும் ஒன்பதும் போட்டதும் அதற்குத்தான். அந்தப் பூஜ்யத்தை நம்பித்தானே நீ அந்தப் பிரதீப்பிடம் போனாய். இந்தக் கடிதத்தில் அவனைத் திட்டியதில் முக்கால்வாசி எனக்கு வரவேண்டியது. லுங்கியை மட்டும் அவனே வைத்துக்கொள்ளட்டும்.

ஒருநபர் கமிஷன் அறிக்கை வெளியிட்டுவிட்டது. குற்றவாளி நான்தான். தோசையும் கருகுகிறது. உனக்காகக் காத்திருந்து இல்லை. எனக்குச் சுடத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை பழைய ரெசியூமையே எடுத்துக்கொண்டு போ. இடைவெளி என்ன என்று கேட்டால் அன்றைக்குச் சொன்னதையே சொல். சேவலை விட்டுவிடாதே. பத்துக்குப் பத்து. இது லஞ்சம் வாங்காத நடுவர் போடுகிற மார்க்.

உன்னை வாழ்த்துகிற வயசு எனக்கு இல்லை. எனக்கு முதலில் வந்த வார்த்தையைத்தான் சொல்ல முடியும். போ அம்மா. ‘வா’ என்று நான் சொல்வதற்கு மேற்கொண்டு இரண்டு மாதம் ஆனது, அதற்கும் உட்கார்ந்து காத்திருந்ததாகச் சொன்னாயே. இந்தத் தடவை உன்னைக் காக்கவைக்கவில்லை, சேர்த்தே சொல்கிறேன்.

போயிட்டு வா.

இப்படிக்கு,
உன் ரெசியூமின் இடைவெளி,
ஜெகன்