சேதி வராவிட்டாலும் கேளுங்கள்

என் மாப்பிள்ளை ஆரோக்கியத்துக்கு,

நீ இருந்திருந்தால் இந்தத் தாளை வாங்கி, முதல் வரியிலேயே விரலை வைத்து, "எதுக்கு எழுதுறேன்னு மொதல்ல சொல்லு மாப்ள" என்றிருப்பாய். சொல்கிறேன். நான் அடித்துவிட்ட ஒரு வரிக்காக எழுதுகிறேன்.

நத்தம் ரோட்டு மில்லுக்கு நெட்வொர்க் வந்த வருடம் நினைவிருக்கிறதா? ஆபீசில் சர்வர் இருந்தது. அதிலுள்ள ஃபைல்களின் நகலை ஒவ்வொரு ஷெட் கம்ப்யூட்டரும் தன்னிடம் வைத்துக்கொள்ளும். ஒவ்வொரு தடவையும் சர்வரைக் கேட்டுக் காத்திருக்க வேண்டாம். ஷெட்டில் இருப்பவர்களுக்காக அதைத் தமிழில் ஒரு தாளாக எழுதும் வேலை நம் இரண்டு பேருக்கும் வந்தது.

இங்கிலீஷ் புத்தகத்தில் ஒரே ஒரு வாக்கியம்தான். ஃபைல் மாறினால் சர்வர் சேதி சொல்லும், சேதி வரும்வரை கையிலுள்ள நகல் செல்லுபடியாகும். எனக்கு அது தெளிவாகத்தான் இருந்தது. நீ மட்டும் இரண்டு நாளாக அதையே முறைத்துக்கொண்டிருந்தாய்.

"பெரியப்பா செத்த கேதம் சொல்லப் போறவன் வீடு பூட்டிக் கெடந்தா என்னலே செய்வான்? அடுத்த வீட்டுக்குப் போயிருவான். நீ தோட்டத்துலருந்து வந்து, யாரும் ஒண்ணும் சொல்லலையே, பெரியப்பா நல்லாத்தான் இருக்காருன்னு கறிச்சோறு தின்னுக்கிட்டு இருப்ப."

"அது எல்லார்த்துக்கும் தெரியுமுங்க" என்றேன். என் தொப்பம்பட்டிக் கொங்குப் பேச்சைக் கேட்டால் உனக்கு எப்போதும் சிரிப்பு வரும். அன்று சிரிக்கவில்லை. 'சேதி வராவிட்டாலும், ஷிஃப்ட் தொடங்கும்போது நீங்களே ஒரு தடவை கேளுங்கள்' என்று எழுதி, எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்றும் படம் போட்டாய். தட்டச்சுக்குக் கொடுக்கும்போது நான் அந்த வரியைக் கோடு போட்டு அடித்துவிட்டேன். ஒரே பக்கத்தில் அடங்க வேண்டும் என்பதுதான் காரணம். வேறு காரணம் இல்லை.

ஒரு மாதம்கூட ஆகவில்லை. காலையில் கரண்ட் போனது. சர்வருக்கும் ஷெட் கம்ப்யூட்டருக்கும் பேட்டரி இருந்தது, நடுவில் சேதியைக் கடத்தும் நெட்வொர்க் பெட்டிக்கு இல்லை. அந்த நேரம் பார்த்துப் பஞ்சுக் கலவையின் அளவை ஆபீசில் மாற்றினார்கள். சேதி போனது, போய்ச் சேரவில்லை. கலவைப் பிரிவில் பாண்டியம்மாள் அக்கா திரையில் இருந்த பழைய அளவைப் பார்த்தே ஒரு ஷிஃப்ட் முழுக்க ஓட்டிவிட்டார். மறுநாள் அவரை வேலையை விட்டு நிறுத்தப் பார்த்தார்கள். "அதுல அப்புடித்தானய்யா இருந்துச்சு" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

மேனேஜர் அறைக்குள் நீதான் போனாய். "அந்தக்கா மேல தப்பில்ல சார். எங்க தாள்லதான் தப்பு" என்றாய். எங்க தாள். அடித்தது யார் என்று நீ சொல்லவில்லை. பக்கத்தில் நின்ற நானும் சொல்லவில்லை. வெளியே வந்ததும், "அந்த வரியப் போட்டுரு மாப்ள" என்றாய், அவ்வளவுதான். அதன்பிறகு ஒருநாளாவது என்னைக் குத்திக்காட்டினாயா? ஒருமுறை திட்டியிருந்தால் எனக்கு உறைத்திருக்குமோ என்னவோ.

பிறகு எனக்குக் கோயம்புத்தூரில் வேலை கிடைத்தது. கடைசியாகப் பேசியபோது, "லேசா மஞ்சக்காமாலை மாப்ள, கீழாநெல்லி குடிக்கிறேன், நல்லாத்தான் இருக்கேன்" என்றாய். அடுத்த வாரமே வீடு மாறினேன். போன் நம்பரும் மாறியது. உனக்குச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன், நாளைக்கு நாளைக்கு என்று தள்ளினேன். நான்கு மாதம். உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை, அதனால் நீ நன்றாக இருக்கிறாய் என்றே வைத்துக்கொண்டேன்.

உன் அண்ணன் கேதம் சொல்லக் கோயம்புத்தூர் வரைக்கும் வந்து, பூட்டிக் கிடந்த என் பழைய வீட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறார். உன் முப்பதாம் நாள் பூசைக்கான அட்டை, வீட்டுக்காரர் கை மாறி என்னிடம் வந்தபோது பூசை முடிந்து ஒன்பது நாள். அட்டையில் நீ சிரித்துக்கொண்டிருந்தாய். நான் அப்போது சாப்பிட்டுக்கொண்டிருந்தேன் மாப்ளே. தட்டில் கறிச்சோறுதான்.

போன ஞாயிறு உன் வீட்டுக்குப் போனேன். "போன் போட்டுக்கிட்டே இருந்தோம்ணே, போகவே இல்ல" என்றாள் உன் மனைவி ஸ்டெல்லா. கோபமாகச் சொல்லவில்லை. "அவருதான் உங்கள ஒண்ணும் சொல்லாதன்னாரு. லைன்லதான் கோளாறு, அவன்ட்ட இல்லன்னாரு." கடைசியிலும் என் தவற்றை வேறெதன் மேலோ போட்டுவிட்டுத்தான் போயிருக்கிறாய். லைனில் கோளாறு இல்லை. நான் கேட்கவில்லை.

திரும்பும் வழியில் மில்லுக்குப் போனேன். கம்ப்யூட்டர்களையெல்லாம் மாற்றிவிட்டார்கள். கலவைப் பிரிவுச் சுவரில், திரும்பச் சேர்த்த அந்த வரியோடு, உன் தாள் மட்டும் பஞ்சுத்தூசி படிந்து அப்படியே இருக்கிறது. பாண்டியம்மாள் அக்காவிடம் அந்த வரியை அடித்தது நான்தான் என்று சொன்னேன். "அந்தத் தம்பிட்ட சொன்னியா?" என்றார்.

இதோ, சொல்லிவிட்டேன்.

இனி ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிகிற நேரத்துக்கு ஸ்டெல்லாவுக்கு போன் போடுவேன். சேதி இருந்தாலும் இல்லாவிட்டாலும் நானே கேட்பேன். இந்த வரியை அடிக்க மாட்டேன்.

கேட்காமல் இருந்துவிட்ட உன் மாப்பிள்ளை,
தங்கராசு