மருத்துவச் சீட்டில் இருந்த அந்தச் சொல்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் நலமாகவே இருக்கிறோம், நீயும் அங்கே ஒரு குறையுமில்லாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். நலம் என்று எழுதிவிட்டேனே தவிர, நேற்று மதியத்திலிருந்து எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எங்கள் அலுவலகக் கணக்கர் தன் மனைவியின் மருத்துவச் சீட்டைக் கொடுத்து, விடுப்புப் படிவத்தில் டைப் அடிக்கச் சொன்னார். அந்தம்மாவுக்குத் தோலில் தடிப்பு வருகிறதாம். சீட்டில் 'இடியோபதிக்' என்று இருந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உன் அம்மாவின் வலது காது ஒரே நாளில் கேட்காமல் போனபோது டாக்டர் எழுதிய அதே சொல்! காதுக்கு வந்த நோய் தோலுக்கு எப்படி வரும் என்று மேலாளர் மேசையிலிருந்த அகராதியை இழுத்துப் பார்த்தேன். காரணம் இன்னதென்று அறியப்படாத நோய் என்று போட்டிருந்தது. நம்பாமல் மருந்துக்கடைக்காரரிடம் ஓடினேன். அவர், "அது நோய் பேரே இல்ல சார். காது, தோல், மூட்டு எதோட வேணா சேத்து எழுதுவாங்க. ஏன் வந்துச்சுன்னு தெரியலன்னு டாக்டர் ஒத்துக்கிற வார்த்தை" என்றார். கடைப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

நாலு வருஷமாக அம்மாவின் மருத்துவச் செலவுக்காக அந்தச் சொல்லை எத்தனை படிவத்தில் அடித்திருப்பேன், ஓர் எழுத்து பிசகியதில்லை. அடிக்கும்போது பொருள் பார்க்கக் கூடாது, பார்த்தால் கை தடுமாறும் என்பது எங்கள் தொழில் பழக்கம். அதை வீட்டுக்கும் கொண்டுவந்து தொலைத்தேன். நீ என்னோடு சண்டை போட்டுக்கொண்டு கிளம்பிய மறுநாள்தான் அவளுக்குக் காது போனது. உன் மாமா அதிர்ச்சியில் வந்தது என்றார். அதிர்ச்சியால் காதுக்கு வரும் நோய் என்பதுதான் அந்தச் சொல்லுக்குப் பொருள் என்று நானே முடிவு கட்டி, உன்னால்தான் அம்மாவுக்கு இந்தக் கதி என்று உனக்கு எழுதினேன். அதன்பிறகு நீ வீட்டு வாசலை மிதிக்கவில்லை. டாக்டருக்கே தெரியாத காரணம் எனக்கு மட்டும் எப்படியம்மா தெரிந்தது? அம்மாவிடம் சொன்னேன். "அவ மேல பழி போடாதீங்கன்னு நான் அன்னைக்கே சொன்னேன், உங்களுக்குத்தான் ரெண்டு காதும் கேக்கல" என்றாள்.

என்னை மன்னித்துவிடு அம்மா. வேளைக்குச் சாப்பிடு, உடம்பைப் பார்த்துக்கொள். என் ஆசி உனக்கு என்றும் உண்டு, கோபத்தில் இருந்தபோதும் இருந்தது. ஒன்று மட்டும் மறந்துவிடாதே: நீ வரும்போது அம்மா அடுப்பைப் பார்த்து நின்றிருந்தால், இடது பக்கமாகப் போய்க் கூப்பிடு.

இப்படிக்கு,
பொருள் பார்க்காமல் எழுதிய உன் அப்பா