சத்திரத்தில் நிற்கும் வாள்காரி

மார்ச் 3

கண்ணே,

மருமகள் என்று எழுத இனி வழியில்லை. பெயர் சொல்லி எழுதிப் பழக்கமில்லை. தெய்வ கடாட்சத்தால் நலமாயிருப்பாய். நீயும் என் மகனும் பிரிந்து ஓராண்டாகிறது. போனில் பேசினால் அழுது தொலைப்பேன், அதனால் கடிதம்.

போன வாரம் பழைய கம்ப்யூட்டரைத் தூசி தட்டினேன். நாம் இருவரும் சேர்ந்து ஆடிய விளையாட்டு அப்படியே இருக்கிறது. படமெல்லாம் கட்டம் கட்டமாகத் தெரிகிறதென்று உலகமே ஒதுக்கியது. ஆனால் இதில் நம்மோடு துணைக்கு வருகிற பாத்திரங்கள் பேசியதை மறப்பதேயில்லை. வேறு எதில் உண்டு அது? ஆட்டத்தில் கோயில் கண்டால் இன்றும் நின்று கும்பிடுகிறேன். "அத்தை, கும்பிட்டது போதும், பின்னாடி பூதம் நிக்குது!" என்று கத்தத்தான் ஆளில்லை.

ஆட்டத்தில் நீ ஆடிய வாள்காரி சத்திரத்து அடுப்போரம் நிற்கிறாள். நான் ஆடும் வைத்தியச்சி உள்ளே நுழையும்போதெல்லாம் சத்திரக்காரன் கேட்கிறான்: தோழியைக் கூட்டிப்போகிறாயா, அவள் பெயரை அழித்துவிட்டு வேறு ஆள் தரட்டுமா? என் மகன் எட்டிப்பார்த்து, "அழிச்சிட்டு வேற ஆளச் சேத்துக்கம்மா, இதுல என்ன இருக்கு?" என்றான். எனக்குச் சுரீரென்றது. கூட்டிப்போகவும் கை வரவில்லை. அவள் உன் ஆளாயிற்றே.

நீயே சொல்.

அன்புடன்,
வைத்தியச்சி


மார்ச் 14

மதிப்புக்குரிய அம்மாவுக்கு,

நலம். அவர் சொன்னதே சரி. அழித்துவிடுங்கள். அந்த வீட்டில் என்னுடையது என்று எதுவும் நிற்க வேண்டாம். புது வேலை, ஒற்றை அறை, பழகிவிட்டது. இனி எழுதாதீர்கள். கடிதம் வந்த அன்று எனக்கு வேலையே ஓடவில்லை.

இப்படிக்கு,
நான்

பி.கு. பாலத்துப் பூதத்தைத் தாண்டிவிட்டீர்களா? மருந்துக் குப்பி ஒன்றைக்கூடச் செலவழித்திருக்க மாட்டீர்களே?


மார்ச் 25

கண்ணே,

எழுதாதே என்கிறாய், கேள்வியும் கேட்கிறாய். பதில் சொல்லாமலிருந்தால் மரியாதையா?

தாண்டவில்லை. தனியாகப் போனேன். பை நிறைய மருந்து. செலவே எழுதாத கணக்கு. பூதம் ஓர் அடி போட்டதும் குப்பியை எடுத்தேன். வைத்தியச்சி பிறருக்குத்தான் மருந்து போடலாமாம், தனக்குப் போட்டுக்கொள்ள முடியாதாம்! எப்போதும் உன் முதுகுக்குப் பின்னால் நின்றவளுக்கு அது எப்படித் தெரியும்? செத்தேன்.

ஆகையால் அழிக்க மாட்டேன். மகனிடமும் சொல்லிவிட்டேன்: "உங்க ரெண்டு பேர் கணக்கு கோர்ட்ல முடிஞ்சுபோச்சு. எங்க கணக்கு வேற." தலையைச் சொறிந்துகொண்டே ஆட்டத்தைப் பென்டிரைவில் ஏற்றிக் கொடுத்தான். சாமி முன் வைத்தெடுத்து உறையில் போட்டிருக்கிறேன். வேண்டாமென்றால் நீயே அழி. என் கையால் ஆகாது.

வைத்தியச்சி


ஏப்ரல் 9

அத்தைக்கு,

அழிக்கத்தான் திறந்தேன். உங்கள் வைத்தியச்சியாகச் சத்திரத்துக்குள் நுழைந்ததுமே என் வாள்காரி, "பாலத்துக்குத்தானே? வா" என்றாள். நாம் கடைசியாக விளையாடிய அன்று பேசி நிறுத்தியது அதுதான், அத்தை. அவள் மறக்கவில்லை. எனக்குத் திரையே தெரியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு கூட்டிப்போனேன்.

பூதத்தைத் தாண்டிவிட்டோம். உங்கள் மருந்தில் பாதிக்கு மேல் காலி. எல்லாம் என் மேல்தான் ஊற்றினீர்கள். கணக்குக் கேட்கக் கூடாது.

அக்கரையில் ஒரு சின்னக் கோயில் இருக்கிறது. இருவரையும் அதன் வாசலில் நிறுத்திப் பென்டிரைவைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அவசரமில்லாமல் கும்பிடுங்கள். பின்னாடி நான் நிக்கிறேன்.

உங்கள்
வாள்காரி