மாடு கட்டி இழுத்துவந்த மோட்டார்

மதினி,

அன்றைக்கு அண்ணன் என்னைக் கூப்பிட்டு நிறுத்திக் கேட்டபோது, கல்லில் மோதிய நேரத்தில் வண்டியை ஓட்டியது யார் என்று நான் சொல்லவில்லை. ரோட்டில் கிடந்த குழையைப் பார்த்து, வண்டியை அதன்மேல் ஏற்றிப் போகலாம் என்றது யார் என்பதையும் சொல்லவில்லை. இரண்டும் எனக்குத் தெரியும். அருவியில் குளித்த ஈரப் புடவைகளை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் நான்தானே உட்கார்ந்திருந்தேன்.

இன்று உங்கள் திவசம்; அதற்காக ஊருக்கு வந்திருக்கிறேன். கூடத்தில் இலை போட்டு ஆண்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வாசலில் குழை வண்டிகள் வரிசையாகப் போயின. ஆனி பிறந்துவிட்டால் மலையடியில் தழை வெட்டி, நடவுக்கு முன்னால் வயலில் மிதிப்பதற்காகக் கொண்டுபோவார்களே, அந்த வண்டிகள். நசுங்கிய பச்சைத் தழையின் வாசம் கூடம்வரை வந்தது. எனக்கு மட்டும் அதோடு காய்ந்த என்ஜின் எண்ணெயின் நெடியும் சேர்ந்து வந்தது. அந்த நேரம் பார்த்துப் பந்தியில் ஒரு பெரியவர் உங்களைப் பற்றி, "எதுத்து ஒரு வார்த்தை பேசுனதில்ல. வாய் தொறக்காத மகராசி" என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் தலையாட்டினார்கள். அண்ணனும் தலையாட்டினான்.

நான் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தேன். ஊற்றி முடித்துவிட்டு உள்ளே வந்து இதை எழுத உட்கார்ந்தேன். இறந்துபோனவர்களைக் கேட்க ஆளில்லை என்று அவரவர் வசதிப்படி செதுக்கிக்கொள்கிறார்கள். எனக்குச் சம்மதமில்லை, மதினி. வாய் திறக்காத மகராசி யாரையும் எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது நீங்கள்.

நீங்கள் தூத்துக்குடியிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தபோது கூடவே வந்தது அந்த மோட்டார். உப்பளம் வைத்திருந்த உங்கள் அப்பா, நகையோடும் பாத்திரத்தோடும் ஒரு வண்டியையும் உங்கள் பெயரிலேயே பதிந்து அனுப்பினார். எங்கள் தெருவுக்கு அது தேர் வந்த மாதிரி. உப்புப் பாத்திகளுக்கு நடுவே கல்யாணத்துக்கு முன்பே நீங்கள் ஓட்டிப் பழகியிருந்தது மட்டும் இங்கே யாருக்கும் தெரியாது. தென்காசிக்குள் டிரைவர் மைதீன் ஓட்டுவார்; நீங்கள் என்னோடு பின்னால் இருப்பீர்கள். ஊர் எல்லை தாண்டியதும் மைதீன் வண்டியை ஓரங்கட்டுவார். யாரும் எதுவும் பேசாமலே இடம் மாறும். கடையநல்லூர்க்காரரான அவர் இதைப் பற்றி வெளியே மூச்சுவிட்டதில்லை. "நீங்க ஓட்டுனா எனக்கு வெத்தலை போட நேரம் கெடைக்குதும்மா" என்பார்.

அன்று அருவியில் நல்ல தண்ணீர். திரும்பும்போது சாரல் கண்ணாடியில் பொடிப்பொடியாக ஒட்டிக்கொண்டிருந்தது. இலஞ்சிப் பக்கம் ஒரு இறக்கத்தில் ரோட்டுக்கு நடுவே குழை குவிந்து கிடந்தது. அந்தப் பருவத்தில் ரோடெல்லாம் அப்படித்தான். பாரம் ஏற்றிய வண்டிகளிலிருந்து உதிரும்; பஸ்ஸும் குதிரை ஜட்காவும் அதன்மேல் ஏறித்தான் போகும். நீங்கள் வேகத்தைக் குறைத்துச் சுற்றிப்போகப் பார்த்தீர்கள். உப்பளத்துப் பொட்டலில் ஓட்டிப் பழகிய உங்களுக்கு, ரோட்டில் எது கிடந்தாலும் விலகிப் போவதுதான் வழக்கம். மைதீன் சிரித்தார்.

"குழைதாம்மா. சும்மா ஏத்திப் போங்க."

ஏற்றினீர்கள். என் காலுக்குக் கீழே இரும்பு அலறியது. வண்டி ஒரு தூக்குத் தூக்கிப் போட்டுச் சாய்ந்து நின்றது.

மைதீன் ஈர ரோட்டில் மல்லாந்து படுத்து அடியில் பார்த்தார். என்ஜினுக்குக் கீழே எண்ணெய் தேங்கி நிற்கும் இரும்புத் தொட்டி பிளந்துபோயிருந்தது. எண்ணெய் கறுப்பாக இறங்கித் தழையை நனைத்து, மழைத் தண்ணீரில் மயில்நிறம் காட்டியபடி ஓடியது. தழைக்கு அடியில் ஒரு கல் இருந்தது, தேங்காய் அளவுக்கு மேலேயே. இனி என்ஜினைப் போட்டால் என்ஜினே போய்விடும் என்று மைதீன் சொன்னார். எழுந்து நின்றவர் உங்கள் முகத்தைப் பார்க்கவில்லை.

பின்னால் வந்த குழை வண்டிக்காரர்தான் விஷயத்தை விளக்கினார். இறக்கத்தில் மாட்டுக்கு மூச்சு வாங்க நிறுத்தினால் சக்கரத்துக்கு முன்னால் கல் கொடுப்பார்கள். புறப்படும்போது கல்லை அப்படியே விட்டுவிட்டுப் போவார்கள். எடுத்து ஓரமாகப் போடக்கூடாதா என்று கேட்டீர்கள். உங்கள் குரலில் அப்போதுதான் கோபம் எட்டிப் பார்த்தது.

"அடுத்த வண்டிக்காரனுக்கு வேணும்லா தாயி" என்றார் அவர். "மாட்டைப் பிடிச்சிக்கிட்டு அவன் கல்லுத் தேடிக்கிட்டா இருப்பான்?"

நீங்கள் அவருடைய மாடுகளைப் பார்த்தீர்கள். பிறகு, "அதுவும் சரிதான்" என்றீர்கள். எனக்கு அது மறக்கவில்லை. குற்றம் சுமத்த ஆள் தேடுகிறவர்களோடு வளர்ந்தவள் நான். எதிராளி பக்கம் நியாயம் இருக்கிறது என்று தெரிந்ததும் ஒருவர் தன் கோபத்தைக் கையோடு விட்டுவிட்டதை அன்றுதான் பார்த்தேன்.

அவருடைய மாடுகளையே மோட்டாருக்குக் கட்டுவதாக ஏற்பாடாயிற்று. கயிறு கட்டிக்கொண்டிருந்தபோது மைதீன் மெதுவாக உங்களிடம் வந்தார். கல்லில் ஏற்றியது தான்தான் என்று சொல்லிவிடுவதாகவும், வசவு வாங்கித் தனக்குப் பழக்கம் என்றும் சொன்னார். நீங்கள் பின்னால் ஏறிக்கொள்ள வேண்டும், ஊருக்குள் போக வேண்டுமல்லவா என்றார்.

"அப்ப ஸ்டியரிங்கை யாரு பிடிக்க?"

"நான் பிடிக்கேம்மா."

"நீரு மாட்டைப் பாரும்" என்றீர்கள்.

அப்படித்தான் தென்காசிக்குள் நுழைந்தோம். முன்னால் இரண்டு மாடு, கயிற்றின் மறுமுனையில் மோட்டார், ஸ்டியரிங்குக்குப் பின்னால் நீங்கள். தலை ஈரம் காயாமல், குங்குமம் கொஞ்சம் கரைந்து, நேரே பார்த்தபடி. கடைக்காரர்கள் எழுந்து வெளியே வந்தார்கள். மோட்டாருக்குப் புல் போடுவதா, பருத்திக்கொட்டை போடுவதா என்று ஒருவர் மைதீனைக் கேட்டார். "ரெண்டும் தின்னும் அண்ணாச்சி. உம்ம பங்கை அனுப்பி வையும்" என்று மைதீன் நடந்துகொண்டே பதில் சொன்னார். நான் பின்னால் குனிந்து ஒளியப் பார்த்தேன். நீங்கள் திரும்பாமலே, "நிமுந்து உக்காரு. நாம எதையும் திருடிட்டு வரல" என்றீர்கள். நிமிர்ந்தேன்.

இப்போது அண்ணனின் கேள்விக்கு வருகிறேன். உங்களை ஊரே பார்த்திருந்தது. அண்ணனுக்கு ஓட்டியது யார் என்று தெரியாமலா இருந்திருக்கும்? அவன் வக்கீல். அவனுக்கு வேண்டியது பதில் அல்ல, சாட்சி. "ஏட்டி, இழுத்துட்டு வரும்போது அவ உக்காந்திருந்தா. சரி. கல்லுல மோதும்போது மைதீன்தானே ஓட்டுனான்?" என்றான். நான் ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். செலவை மைதீன் சம்பளத்தில் பிடித்து, அவரை வீட்டுக்கு அனுப்பி, வீட்டுப் பெயரைக் காப்பாற்றியிருப்பான். மைதீன் முற்றத்தில் நின்று அதற்குத் தயாராகத் தலையைக் குனிந்திருந்தார். நான் தூணைப் பிடித்துக்கொண்டு பேசாமல் நின்றேன். ஆமாம் என்பது பொய். இல்லை என்பது, நீங்களே சொல்லவேண்டியதை நான் பிடுங்கிச் சொல்வது. அண்ணன் கையை ஓங்கினான். அப்போதும் சொல்லவில்லை.

நீங்கள் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தீர்கள்.

"நாந்தான் ஓட்டினேன்."

குழையைப் பற்றி மைதீன் சொன்னதை நீங்களும் சொல்லவில்லை. நாம் இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசிவைத்துக்கொள்ளவே இல்லை. பின்னொரு நாள் நான் கேட்டபோது, "ஸ்டியரிங் என் கையிலல்லா இருந்துச்சு" என்றதோடு விட்டுவிட்டீர்கள்.

அண்ணன் உட்கார்ந்தான். பிறகு, ரொம்பப் பெரிய மனசோடு பேசுகிறவன்போல ஒரு ஏற்பாடு சொன்னான். பட்டறைச் செலவைத் தானே கொடுத்துவிடுவானாம். மைதீனை நிறுத்தமாட்டானாம். நீங்கள் இனி ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது, அவ்வளவுதான். யாராக இருந்தாலும் ஒப்புக்கொண்டிருப்பார்கள். என் மனத்துக்குள் நானே ஒப்புக்கொண்டுவிட்டேன். மைதீன் பிழைத்தார், போதும் என்று நினைத்தேன்.

"நீங்க குடுக்க வேண்டாம்" என்றீர்கள். "நீங்க குடுத்தா வண்டி உங்களுதாயிரும்."

"இப்ப மட்டும் யாருதாம்?"

"அதைத்தான் இன்னைக்குத் தீத்துக்கிடணும். பெட்டிச் சாவியைத் தாங்க."

உப்பளத்தில் உங்களுக்குள்ள பங்கை உங்கள் அப்பா வருஷாவருஷம் அனுப்பிக்கொண்டிருந்தார். அது வந்ததும் அண்ணனின் இரும்புப் பெட்டிக்குள் போகும். நீங்கள் அதுவரை கேட்டதில்லை. கேட்கக்கூடியது அது என்றே எங்கள் வீட்டில் யாருக்கும் தோன்றியதில்லை. அண்ணன் சாவியை எடுத்தான். உங்கள் கையில் கொடுக்கவில்லை. மேஜைமேல் வைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனான். நீங்கள் மேஜையிலிருந்து எடுத்துக்கொண்டீர்கள்.

இதோடு முடிந்தது என்று நினைத்தேன். ரயிலடிப் பட்டறையில் இன்னொரு தடை காத்திருந்தது. வேலை முடிந்த செய்தி கேட்டு, மைதீனைக் கூட்டிக்கொண்டு நாம் இருவரும் போனபோது, மேஸ்திரி தொட்டியின் பிளவைத் தட்டி நிமிர்த்தி, பித்தளை வைத்துப் பற்றவைத்திருந்தார். அதை மறுபடி பூட்டும் முன்னால் ஒழுகுகிறதா என்று பார்க்க வேண்டும் என்றீர்கள். அவர் அதில் மண்ணெண்ணெய் ஊற்றி, பழைய காகிதத்தின் மேல் வைத்தார். பஸ்களுக்கு நடுவே ஒரு மரப்பெட்டியில் உட்கார்ந்து, அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். நனையவில்லை. பூட்டி முடித்ததும் பணத்தை நீட்டினீர்கள். மேஸ்திரி கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"வக்கீலய்யாகிட்ட வாங்கிக்கிடுதேன்."

வக்கீலய்யாவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றீர்கள். பொம்பளைகளிடம் வாங்கினால் ஐயா என்ன நினைப்பார் என்றார் அவர். அவர் கெட்டவரல்ல. ஊரில் எந்த வீட்டுக் கணக்கானாலும் அந்த வீட்டு ஆணிடம் பேசியே பழகியவர். அவர் போய் அண்ணனிடம் கேட்டால், அண்ணன் சந்தோஷமாகக் கொடுத்துவிடுவான் என்பது நம் இருவருக்கும் தெரியும். கொடுத்துவிட்டால் பெட்டிச் சாவி, அந்த வாக்குவாதம், மாடு இழுத்துவந்த தெரு எல்லாம் வீண்.

நீங்கள் மறுபடி அந்த மரப்பெட்டியில் உட்கார்ந்தீர்கள். "நீரு வாங்குத வரைக்கும் நான் இங்கனதான் இருக்கப் போறேன். வேலையைப் பாரும்" என்றீர்கள். பட்டறை ஆட்கள் நம்மைச் சுற்றிக்கொண்டு போனார்கள். மழை வலுத்தது. ரயில் ஒன்று வந்து செங்கோட்டைப் பக்கம் போயிற்று. எனக்குப் பசித்தது, வெட்கமாகவும் இருந்தது. வீட்டுக்குப் போகலாமா என்று கேட்க வாயெடுத்தேன். உங்கள் பக்கவாட்டு முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டேன். கடைசியில் மேஸ்திரி துணியில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார்.

"பில்லுல யாரு பேரைப் போட?"

உங்கள் பெயரைச் சொன்னீர்கள். முழுப் பெயராக, உங்கள் அப்பாவின் முதலெழுத்தோடு.

நான் இப்போது பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக்கொடுக்கிறேன், மதினி. நிறையப் புத்தகங்கள் படித்திருக்கிறேன். பெண்களின் உரிமையைப் பற்றி அழகாக எழுதியவர்கள் பலர் உண்டு. ஆனாலும் ஒரு விஷயத்தில் தயங்கி நிற்கும்போது எனக்கு நினைவில் வருவது அந்த மரப்பெட்டிதான். சம்பளத்தைப் பத்திரமாக வைத்திருக்கத் தன்னிடம் அனுப்பச் சொல்லி அண்ணன் போன மாதம் கடிதம் போட்டிருந்தான். அனுப்பவில்லை. காரணமும் எழுதவில்லை. கேட்கிறவர் எந்தப் பதிலுக்காகக் கேட்கிறார் என்று பார்த்த பிறகே வாயைத் திறப்பது என் பழக்கமாகிவிட்டது. வீட்டில் இதற்குத் திமிர் என்று பெயர். இருக்கட்டும்.

பந்தியில் தலையாட்டியவர்களுக்கு ஞாபகமில்லாவிட்டாலும் நடந்தது இதுதான். பட்டறையிலிருந்து வண்டியை நீங்கள் ஓட்டிக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தோம், நடுத்தெரு வழியாக. மைதீன் பக்கத்தில் வெற்றிலை மென்றுகொண்டு வந்தார். காய்ச்சலில் படுக்கும்வரை தென்காசிக்குள்ளும் வெளியேயும் நீங்களே ஓட்டினீர்கள். அண்ணன் அதன் பிறகு அந்த வண்டியில் ஒருநாளும் ஏறவில்லை. மழையானாலும் வெயிலானாலும் கோர்ட்டுக்கு ஜட்காவில் போய்வந்தான்.